நாற்பதாம் நாளுக்கான தெஃப்

மாடுகளை விட்டு மிதிக்கவைத்த சேற்றில், மணலைவிடச் சிறிய விதையைக் கை வீசித் தூவினார் கெதாமு. அதுதான் அவருடைய கடைசி விதைப்பு. அந்தத் தெஃப் தானியம் தலை சாயத் தொடங்கியபோது மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

அவர் மனைவி தாசாஷ் எங்கள் வேலிக்கு அடுத்த வீடு. ஏர் அவருடையது, களை அவளுடையது. புல்லும் தெஃபும் ஒன்றுபோல் இருக்கும் பருவத்திலேயே அவள் விரல்கள் பிரித்தெடுத்துவிடும். விளைந்த வெள்ளைத் தெஃபைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுச் சிவப்பைத் தின்றே இருபத்தாறு வருடம் குடும்பம் நடந்தது. அதனால் அழுகையினூடே அவள் கேட்டது ஒன்றுதான்: நாற்பதாம் நாள் விருந்தில், அவர் விதைத்த வெள்ளைத் தெஃபில் இஞ்செரா அப்பம் சுட வேண்டும்.

ஹிதார் மாதம் பத்தாம் நாள் கொழுந்தன் யிர்தாவ் ஆட்களுடன் வந்தார்.

"அண்ணி, அரிவாளெல்லாம் தீட்டியாச்சு. உங்க கையால காய்ச்சின தல்லா பீரை நெனச்சுக்கிட்டே பதினோரு பேரு வந்திருக்கானுங்க."

அவள் குனிந்து தாளைப் பார்த்தாள். "அடி இன்னும் பச்சையா இருக்கு தம்பி. இப்ப அறுத்தா மணி வெளுக்காது."

"பொண்ணு பாக்க வந்தவ மாதிரில்ல பாக்குது!" என்றான் ஒருவன். புருஷன் போனபின் முதல்முறையாக அவள் சிரித்தாள்.

"நாளைக்கு நாங்க திருயே வயலுக்குப் போகணும். நாளான்னிக்கு மிக்காயேல் திருநாள், அரிவாளைத் தொட முடியாது," என்றார் யிர்தாவ்.

"பதிமூணாம் தேதி வாங்க. வானம் பளிச்சுன்னுதானே இருக்கு."

பன்னிரண்டாம் நாள் கோயிலிலிருந்து திரும்பும்போது மேற்கே மேகம் கருத்துக் குவிந்திருந்தது. தாசாஷ் வீட்டுக்குள் ஓடி அரிவாளுடன் வந்தாள். வரப்பில் பக்கத்து வயல்காரி திருயே மறித்தாள்.

"புத்தி கெட்டுப்போச்சா? திருநாளன்னிக்கு அறுத்தா ஆலங்கட்டி கொட்டும்டி!"

"கொட்டினா என் தலையில கொட்டட்டும்."

"மேகத்துக்கு உன் வரப்பு எது, அடுத்தவங்க வரப்பு எதுன்னு தெரியுமா?"

ஊரில் பாதி வயல் அறுக்காமல் நின்றது. தாசாஷ் அதைச் சுற்றிப் பார்த்தாள். அரிவாளைக் கீழே வைத்தாள்.

ஆலங்கட்டி விழவில்லை. மழைதான், ஒரு மணி நேரம். முற்றிய தெஃப் அதற்கே உதிர்ந்துவிட்டது. மறுநாள் தாள்கள் ஈரத் தலைமுடிபோல் படுத்துக் கிடந்தன. சேற்றில் விழுந்த தெஃபை யாரால் பொறுக்க முடியும்?

"நான்தான் மூணு நாள் கேட்டேன்," என்றாள் யிர்தாவிடம்.

நாற்பதாம் நாளுக்கு ஊரிலிருந்து வீட்டுக்கொரு கூடை மாவு வந்தது. சிவப்பு, பழுப்பு, கொஞ்சம் வெள்ளை. எல்லாம் கலந்து இஞ்செரா மண் நிறத்தில் வந்தது. "அப்பத்துல துளை துளையா கண்ணு நல்லா விழுந்திருக்கு," என்றாள் திருயே. தாசாஷ் எல்லோருக்கும் பரிமாறினாள்.

அதற்குள் வயல் மறுபடி பச்சையாகியிருந்தது. உதிர்ந்த மணியெல்லாம் ஈரத்தில் முளைத்து விரல் உயரம் நின்றது.

"இனி மழை கிடையாது அண்ணி, இது கதிர் பிடிக்காது. மாட்டை விட்ரலாம்," என்றார் யிர்தாவ்.

"வந்தவங்க சாப்பிட்டுக் கிளம்பட்டும்."

எல்லோரும் போனபின் கெதாமுவின் இரண்டு எருதுகளையும் அவளே அவிழ்த்து ஓட்டிப்போனாள். அவை ஒரு ஓரத்திலிருந்து மேயத் தொடங்கின. அவள் மறு ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, எருதுகள் வந்து சேரும்வரை, தெஃபுக்கு நடுவே முளைத்திருந்த புல்லை மட்டும் தேடிப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.