பெறுநரும் அம்மாதான்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆறாம் வகுப்பிலிருந்தே அம்மாவின் சங்கத்துக்கு மனு எழுதுவதும் நான்தான். அம்மா மிளகு பறிக்கும் பெண்களின் சங்கத் தலைவி. ஏணிமேல் நின்று கொடியில் கை வைத்தபடியே கோரிக்கையைச் சொல்வார். நான் மரத்தடியில் உட்கார்ந்து எழுதுவேன். அனுப்புநர், அம்மா. பெறுநர், ஊராட்சி மன்றத் தலைவர். கையெழுத்து மட்டும் அம்மாவே போடுவார். அது நான் கற்றுக்கொடுத்தது.

நகலில் சீல் வாங்காமல் அம்மா எந்த ஆபீஸிலிருந்தும் நகர மாட்டார். "சீல் இல்லாத மனு கவுறு இல்லாத மாடுங்க. எங்க போச்சுன்னே தெரியாது" என்பார்.

ஓடைப் பாலத்துக்கு மட்டும் நான்கு மனு கொடுத்தோம். மழையில் ஓடை பெருகினால் பெண்கள் மிளகு மூட்டையோடு இக்கரையிலேயே நிற்பார்கள். புத்தகப் பையோடு நானும் நிற்பேன். நான்கு சீல் சேர்ந்தது. பாலம் வரவில்லை.

"அந்த நாற்காலில நீயே உக்காந்தா என்னக்கா?" என்றார் கூடவே பறிப்புக்கு வரும் சின்னம்மா.

அம்மா தேர்தலில் நின்றார். ஜெயித்தார். அன்றே சின்னம்மா எல்லோர் முன்பும் கேட்டார்: "ஏனுங்க பிரசிடெண்டம்மா, இனி உங்களப் பாக்கச் செருப்பக் கழட்டிட்டு வரோணுங்களா?"

ஊரே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்: "அவ வெளையாட்டுக்குக் கேக்கல கண்ணு. நாற்காலிக்குப் போனவங்க யாரும் எங்க பக்கம் திரும்புனதில்ல. நானும் அப்படி ஆயிருவனோன்னு பயப்படறா."

முதல் கிராம சபைக்காகப் பாலத்துக்கு ஐந்தாவது மனு எழுதினேன். அம்மா கையெழுத்துப் போட்டார். இருவருக்குமே பழக்கதோஷம். சேந்தமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஊராட்சிச் செயலர் கூட்டத்தில் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, "பிரசிடெண்டம்மா, உங்களுக்கு நீங்களே மனு போட்டிருக்கீங்க!" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கல்லூரி வரை படித்த எனக்கு முகம் எரிந்தது.

அவர் தாளை மடிக்கப் போனார்.

"மடிக்காதீங்க. நகல்ல சீல் வைங்க" என்றார் அம்மா.

"யாருக்குங்க நகல்? உங்களுக்கேவா?"

"அவளுக்கு."

அம்மா சின்னம்மாவை முன்னால் கூப்பிட்டார். அனுப்புநர் இடத்தில் இருந்த தன் பெயரை அடித்துவிட்டு சின்னம்மா பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். சின்னம்மா கைநாட்டு வைத்தார். சீல் விழுந்தது.

"நான் மறந்தா இதக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா நீட்டு."

சின்னம்மா நகலை முந்தானையில் முடிந்துகொண்டார். "நீட்டுவனுங்க. செருப்போடயே வருவன்."

அன்றே தீர்மானம் போட்டு ஒன்றிய ஆபீசுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு சின்னம்மா மாதம் தவறாமல் வந்து நீட்டுவார். அம்மா எழுந்து நின்று வாங்கிப் பார்த்துவிட்டு, நாமக்கலுக்கோ ஒன்றியத்துக்கோ கிளம்பிவிடுவார். இப்போது ஓடையில் தூண்கள் நிற்கின்றன. மேல்தளம்தான் பாக்கி.

நேற்றும் சின்னம்மா நகலோடு வந்திருந்தார். செருப்போடுதான்.