வீட்டில் நிற்கும் குதிரையும் கதையில் ஓடும் குதிரையும்

ஐம்பதுகளில் ஓசூரில் என் அப்பா ஜட்கா என்னும் குதிரை வண்டி ஓட்டினார். நூலகத்தில் நின்றபடியே பாதி படித்த ஒரு குதிரைக் கதையை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்டேன். பாலைவனத்தில் தொலைந்த தாய்க்குதிரை தன் குட்டியிடம் திரும்புமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

நூலகர் சிரித்தார். "ஜட்காக்காரர் மகளுக்குக் குதிரைக் கதை எதுக்கும்மா? வீட்லயேதான் ஒண்ணு நிக்குதே, போய்ப் பாரு."

செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீங்க மனுசங்க கதையாப் படிக்கிறீங்களே சார், உங்க வீட்ல மனுசங்களே இல்லீங்களா?"

"வாயைப் பாரு!" என்று நூலகர் புத்தகத்தை மேசைக்குள் போட்டுப் பூட்டினார்.

இன்னும் ஆறவில்லை எனக்கு. எங்கள் குதிரையின் லத்தி அள்ளலாம், கொள்ளு வேகவைக்கலாம். எங்கோ மணலில் தவிக்கும் ஒரு குதிரைக்காக அழ மட்டும் எனக்கு உரிமை இல்லையாம்.