மூன்று நிமிடப் பேச்சுக்கு இரண்டு வரி

எங்கள் அடுக்ககத்தில் இந்தி தெரிந்த ஒரே ஆள் நான். மொத்தம் பன்னிரண்டு வீடு, மந்தைவெளி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். மற்ற பதினோரு வீட்டுக்காரர்களும் தங்களுக்கு இந்தி தெரியாது என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே வைத்திருக்கிறார்கள். நான் வேலை நிமித்தம் ஒன்பது வருடம் டெல்லிக் குளிரில் கிடந்துவிட்டு வந்தவன். அந்த ஒரு காரணத்துக்காக என்னைச் சங்கத்தின் செயலாளர் ஆக்கினார்கள். வாட்ச்மேன் நேபாளி, அவரை வேலை ஏவ ஒரு வாய் வேண்டும். மற்றபடி என்னிடம் நிர்வாகத் திறமை எதையும் யாரும் கண்டதில்லை.

'அவர்' என்று இப்போது எழுதுகிறேன். அப்போது 'அவன்'தான். ஆறு வருடமாக எங்கள் வாசலில் இருந்தவரைப் பன்னிரண்டு வீட்டிலும் 'கூர்க்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். வாசலில் நின்றே தமிழ் கற்றுக்கொண்டவர். "தண்ணி லாரி வந்துக்கீது சார்", "கொரியர்காரன் நிக்கிறான் சார்" என்பதெல்லாம் அச்சு அசல் மெட்ராஸ்காரராகச் சொல்வார். வாசலுக்கு வராத விஷயங்களுக்கு அவரிடம் தமிழ் இல்லை.

போன வருடம் கட்டடத்துக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் காலை அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஊரில் அம்மா இறந்துவிட்டதாகப் போன் வந்திருக்கிறது. லீவு வேண்டும். கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கிறது, எவன் வேண்டுமானாலும் ஏறி எந்த பால்கனியிலும் இறங்கலாம், பெயின்ட் வேலை முடியட்டும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு ரயில், ஒரு பஸ், அப்புறம் ஒரு பகல் நடை என்று அவரே ஒரு தடவை சொல்லியிருந்தார்; எப்படியும் தகனத்துக்குப் போய்ச் சேர முடியாதே என்று தர்க்கரீதியாகவும் எடுத்துச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மோட்டார் போடப் போனார்.

என் அப்பா போனபோது நான் மூன்று வாரம் லீவு எடுத்தேன். பதின்மூன்று நாளும் ஒரு சடங்கு விடாமல் செய்தேன். அலுவலகத்தில் இரங்கல் கடிதம்கூடக் கொடுத்தார்கள். அதில் என் பெயரைத் தப்பாக அடித்திருந்ததற்காகக் கோபப்பட்டேன்.

நான்காம் நாள் இரண்டாம் மாடிக்காரர் போன் செய்தார். "சார், கேட்ல யாரோ சாமியார் உக்காந்திருக்கார், கொஞ்சம் வந்து பாருங்க." இறங்கிப் போனேன். வாட்ச்மேன்தான். தலையை மழித்து, தையலில்லாத வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்கு வாய் நிற்காது. பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவனுக்கு அது தொழில் வியாதி. "என்னப்பா, வெள்ளையும் சொள்ளையுமா? எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா? எந்தக் கட்சி?" என்று இந்தியில் கேட்டேன். மற்றவர்கள் இழந்துவிடக் கூடாதே என்று உடனே அதைத் தமிழிலும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு யூனிஃபார்மைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன், வெள்ளைக்கு மேலேயே போட்டுக்கொண்டார்.

வெள்ளைத் துணிக்கு அர்த்தம் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரையைச் சுலபமாக முடித்துவிடலாம். தெரியும். அப்பா காரியம் செய்தவனுக்கு மொட்டைத் தலை எதற்கு என்று தெரியாதா? சிரிக்க ஆள் இருந்தது, சொன்னேன்.

பெயின்ட் முடிந்தது. பதின்மூன்று நாளும் முடிந்துவிட்டதால் அவர் லீவு கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஆனால் தினமும் காலையில் எங்கள் வீட்டிலிருந்து போகும் காபியை அவர் வாங்குவதை நிறுத்திவிட்டார். "நம்மாத்து காபி தொண்டைல இறங்கலையாம் துரைக்கு" என்றாள் மனைவி. "லீவு குடுக்கலைன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கான்." எனக்கும் அது அகம்பாவமாகவே பட்டது. மயிலாப்பூர்ப் பக்கம் ஒருவரின் குணத்தை நாங்கள் காபியை வைத்துத்தான் அளக்கிறோம்.

சில மாதங்களில் ஆள் பாதியாகிவிட்டார். தூக்கம் இல்லை, நெஞ்சில் வலி. இ.சி.ஜி. எடுத்தால் ஒன்றும் இல்லை. மூன்றாம் மாடி டாக்டரம்மா, "இதயத்துல கோளாறு எதுவும் இல்ல சார். யாராவது உக்காந்து அவர்கிட்ட பேசணும்" என்று அடையாறில் ஒரு இலவச மனநல மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை மூன்று மணி. மொழிபெயர்க்க நான்.

அந்த ஆலோசகர் சாந்தோம் பக்கத்துக்காரர், நாற்பதை நெருங்கும் பெண். உட்காருவதற்கு முன்பே எனக்கு விதி சொன்னார். "சார், அவர் பேசறதை அப்படியே சொல்லணும். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். அவர் 'நான்'னு சொன்னா நீங்களும் 'நான்'னே சொல்லுங்க. நீங்க இங்க இல்லைன்னு வெச்சுக்கங்க."

"அது என் எழுத்துக்கு ஏற்கெனவே வாசகர்கள் சொல்றதுதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

டீ வந்தது. வாட்ச்மேன் தொடவில்லை. எங்கள் வீட்டில் மாதக்கணக்காக யாரும் கேட்காததை அந்தப் பெண் இரண்டாவது நிமிடத்தில் கேட்டார். "ஏன் குடிக்கலைன்னு கேளுங்க."

கேட்டேன். அம்மா இறந்தால் மகன் ஒரு வருடம் பால் தொடக் கூடாது, அப்பா என்றால் தயிர் என்றார் அவர். பால் அம்மாவுடையது, அவ்வளவுதான். காபியில் பால் இருக்கிறது.

"பால் சேர்க்கறதில்லையாம்" என்றேன்.

"ஏன்?"

"அம்மா தவறிட்டாங்க. அவங்க வழக்கமாம்."

ஆலோசகர் டீயை எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, பாலில்லாமல் ஒன்று கொண்டுவரச் சொன்னார். "அம்மாவைப் பத்திச் சொல்லச் சொல்லுங்க."

வாட்ச்மேன் பேச ஆரம்பித்தார். ஆறு வருடத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. போன் வந்தது, லீவு கேட்டது, சாரம். மோட்டார் ரூமில் உட்கார்ந்து உப்பில்லாத சோறு ஒரு வேளை சாப்பிட்டது. பிறகு, "நாலாம் நாள் செக்ரட்டரி சாப் வந்து, எலெக்‌ஷனில் நிற்கிறாயா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உடம்பில் அம்மாவுக்காகக் கட்டிய துணி, நான் சிரித்தேன். இப்போது படுத்தால் அந்தச் சிரிப்புதான் கேட்கிறது. அம்மா அதைக் கேட்டிருப்பாள்." சொல்லும்போது அவருக்கு ஒரு சிரிப்பு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆலோசகர் என்னைப் பார்த்தார்.

"அம்மா போனதிலிருந்து தூக்கம் இல்லையாம். அசோசியேஷன்ல லீவு கிடைக்கலையாம்" என்றேன்.

அசோசியேஷன் என்பது நல்ல வார்த்தை. அதற்கு முகம் கிடையாது.

"அவர் மூணு நிமிஷம் பேசினார் சார். நீங்க ரெண்டு வரி சொல்றீங்க."

"சாராம்சம் அதுதான் மேடம்."

"நடுவுல சிரிச்சாரே, அது எதுக்கு?"

வாசலில் அன்றைக்கு என் வேடிக்கையை ஒரு சொல் விடாமல் தமிழாக்கியவன் நான். இப்போது என் டீயை எடுத்துக் குடித்தேன். அப்போது வாட்ச்மேனே தமிழில் பேசினார். "சார் கரெக்டாதான் சொன்னாரு மேடம். வேற ஒண்ணும் இல்ல."

நான் சொன்னது எது, விட்டது எது என்று அத்தனையும் அவருக்குப் புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டுதான் என்னைக் காப்பாற்றினார். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் இவ்வளவு சுத்தமாக உதவியதில்லை. அதை வாங்கிக்கொண்டு எழுந்து வந்தேன்.

பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட். பாலம் தாண்டியதும் சொன்னார். "அடுத்த வாரம் வேணாம் சார்."

"ஏன்? டாக்டரம்மா சொன்னாங்களே."

"இன்னாத்துக்கு சார் ரெண்டு பேருக்கும் கஷ்டம்? தூக்கம் தானா வரும்."

வராது என்று இருவருக்கும் தெரியும். அவருக்குப் பேசக் கிடைத்த ஒரே அறையில் நான் போய் உட்கார்ந்து கதவை அடைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க இந்தியில் ஒரு வாக்கியம் தயார் செய்தேன். நல்ல வாக்கியம், வினைச்சொல் சரியான இடத்தில் வந்து விழுந்தது. சொன்னேன். "பரவால்ல சார்" என்றார். வாசலில் நாங்கள் அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்த தமிழ் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வாரம் முழுக்க நான் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் போனைப் பார்த்தபடி தாண்டினேன். வெள்ளிக்கிழமை நின்றேன். "நாளைக்கு வா. விட்டதை நானே சொல்லிடறேன். அப்புறம் அந்த ரூமுக்கு நான் வரல" என்றேன். அவர் கேட்டைத் திறந்துவிட்டார். "சரி சார்."

சனிக்கிழமை அறையில் உட்கார்ந்ததும், "போன வாரம் நான் ஒண்ணை விட்டுட்டேன்" என்று ஆரம்பித்தேன். ஆலோசகர் கையைக் காட்டி நிறுத்தினார். வாட்ச்மேனிடம் திரும்பி, மெதுவான தமிழில் கேட்டார். "அது உங்க பேச்சு. இவர் சொல்லலாமா?" அவர் தலையசைத்தார்.

"சொல்லுங்க சார். நான் சொன்ன மாதிரியே" என்றார் ஆலோசகர் என்னிடம்.

"அவர் என்ன சொன்னார்னா..."

"'நான்'னு சொல்லுங்க."

சொன்னேன். "என் அம்மா செத்து நாலாவது நாள். வெள்ளைத் துணி கட்டியிருந்தேன். செக்ரட்டரி சார் வந்து, எலெக்‌ஷன்ல நிக்கப் போறியான்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இப்ப படுத்தா அந்தச் சிரிப்புதான் கேக்குது." அதற்கு மேல் ஒரு வரிதான் பாக்கி, அம்மா கேட்டிருப்பாள் என்ற வரி. அதைச் சொல்ல வெகு நேரம் பிடித்தது. அறையில் யாரும் உதவி செய்யவில்லை. சொல்லி முடித்ததும் ஆலோசகர், "நன்றி சார். வெளியில உக்காருங்க" என்றார். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று ஒரு விநாடி காத்திருந்தேன், அதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அடுத்த வாரத்திலிருந்து தேனாம்பேட்டை பியூட்டி பார்லர் ஒன்றில் வேலை செய்கிற, டார்ஜிலிங் பக்கத்து நேபாளிப் பெண் வந்து மொழிபெயர்க்கிறார். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அந்த நேரத்தில் கேட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, செயலாளர் இருக்கிறார். சனிக்கிழமைகளில் இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நான்.

முதல் சனிக்கிழமையே இரண்டாம் மாடிக்காரர் காரை உள்ளே விட்டபடி கண்ணாடியை இறக்கினார். "என்ன சார், ப்ரமோஷனா? விசில் குடுத்துட்டாங்களா?" பின்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கார் போய் நின்று கதவுகள் சாத்தப்பட்ட பிறகும் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை.

இப்போது காபி, பாலில்லாமல், வெல்லம் போட்டுப் போகிறது. மனைவி காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட அன்று இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. தன்னோடும் பேசவில்லை என்று நினைக்கிறேன். இரவில் மூன்று நான்கு மணி நேரம் தூங்குவதாக வாட்ச்மேன் டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை ஐந்தரைக்கு வந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அம்மாவுக்கு அடுத்த மாதம் வருஷ காரியம், ஊருக்குப் போக வேண்டும், இருபது நாள் என்றார். போய் வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவர் கழுத்தை நிமிர்த்திக் கட்டடத்தை மொட்டை மாடி வரைக்கும் ஒரு முறை பார்த்தார். பிறகு தமிழில் கேட்டார்.

"இப்ப பெயின்ட் ஒண்ணும் இல்லியே சார்?"

முகத்தில் ஒன்றும் இல்லை. வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிக்கலாமா என்றும் தெரியவில்லை. "இல்ல" என்றேன்.