டாங்கியின் இடத்திலிருந்து

சுடுவதற்கு முன் சித்தப்பா முட்டி போடுவார். மேசை விளிம்பில் தாடையைப் பதித்து, இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் களத்தைப் பார்ப்பார். அந்நேரம் மூச்சை அடக்கிக்கொள்வார். கட்டைவிரல் உயரப் பொம்மைச் சிப்பாய்கள் சாய்ந்துவிடக் கூடாதே.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டாம் உலகப்போர் நடக்கும். கம்பியில் நிற்கும் விமானங்கள், தீப்பெட்டி அளவு டாங்கிகள், அட்டைப் பாலம். எதிரணி சித்தியின் தம்பி, டயர் கடைக்காரர். சுடும் பொம்மையின் இடத்திலிருந்து பார்த்தால் எதிரி தெரிய வேண்டும். இல்லையென்றால் சுடக் கூடாது. சுடுவது என்றால் பகடை உருட்டுவது. தெரிகிறதா என்று சுடுகிறவர் சொல்வதே முடிவு. ஆட்டத்துக்கு நடுவே எதிராளி எட்டிப் பார்த்தால் அது அவமரியாதை.

சித்திக்குத் தையல் வேலை பெருகி, இரண்டு அணிப் பொம்மைகளும் இருந்த அலமாரியில் இடம் தேவைப்பட்டது.

"ரெண்டு பட்டாளத்துக்கு இங்க சோறு போட முடியாது. இன்னிக்குத் தோக்கிறவங்க மூட்டை கட்டணும்."

"கடையில வச்சா ரப்பர் தூசி அப்பிக்கும்க்கா. ஒவ்வொண்ணும் நான் பெயிண்ட் அடிச்சது."

"அப்ப ஜெயிடா."

சித்தப்பா தோற்றால் அவர் பட்டாளத்துக்குப் பரண்தான் கதி. அங்கே அடிக்கும் வெயிலுக்கு ஒட்டிய சக்கரமெல்லாம் கழன்றுவிடும்.

கடைசிச் சுற்று. பாலத்தருகே வேலிக்குப் பின்னால் சித்தியின் தம்பிக்கு மிஞ்சிய ஒரே டாங்கி. சித்தப்பா சுடலாம்; பகடையில் ஒன்று விழாமலிருந்தால் பாலமும் ஆட்டமும் அவருக்கு. தாடையை வைத்தவர் எழுந்திருக்கவேயில்லை.

"என்ன அத்தான், தூங்கிட்டீங்களா?"

"தெரியலப்பா. வேலி மறைக்குது."

ஆட்டம் முடிந்தது; பாலம் தம்பிக்கு. சித்தப்பா முகம் கழுவப் போனார். தம்பி அதே இடத்தில் தாடையை வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டார். வேலிக்கு மேலே பாதி டாங்கி பளிச்சென்று தெரிந்தது.

"விட்டுக் குடுத்துட்டாரு மனுஷன்," என்றார். ஜெயித்த முகமாக இல்லை. டாங்கிகளை ஒவ்வொன்றாகப் பழைய துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

"ஜெயிச்சவன் எதுக்குடா மூட்டை கட்டுற?"

"கடையில தூசி வராத இடம் இருக்குக்கா," என்று கூசாமல் புளுகினார்.

சில மாதம் கழித்துச் சித்தப்பாவின் கம்பெனியில் கண் பரிசோதனை நடந்தது. வலக்கண்ணில் புரை, ரொம்ப நாளாகவே இருக்கிறதாம். மூடிக்கொள்வாரே, அந்த இடக்கண்ணில் ஒரு குறையும் இல்லை.