மூன்று ராஜாவும் என் மூக்கும்

நல்ல சீட்டு வந்தால் என் மூக்கு விடைத்துக்கொள்ளும். எதிரே உட்கார்ந்து ஆடியவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

மலைக்கு ரோடு வராத, வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வளப்பூர் நாட்டில் எங்கள் சாமைக் கொல்லையும் பங்காளி அண்ணன் கொல்லையும் ஒட்டிக் கிடந்தன. கதிர் முற்றும் மாதத்தில் நான், அண்ணன், அவர் மச்சினன் மூவரும் ஒரே பரணில் காவல். இரவெல்லாம் பன்றி விரட்டுவோம், விடிந்தால் குருவி விரட்டுவோம். மழை பிடித்துக்கொண்டால் குருவி வராது. அப்போது சீட்டு வெளியே வரும். மச்சினன் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஒரு கட்டுச் சீட்டோடும் 'மூணு சீட்டு' என்ற ஆட்டத்தோடும் திரும்பி வந்திருந்தான்.

ஆட்டம் சுலபம்தான். ஆளுக்கு மூன்று சீட்டு. முறை வரும்போது நடுவில் காய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்க வேண்டும். கடைசிவரை நிற்பவர்களில் பெரிய சீட்டுக்காரன் நடுவில் கிடப்பதை அள்ளிக்கொள்வான். காசுக்கு நாங்கள் எங்கே போக? பலாக்கொட்டைதான் காய். ஆளுக்குப் பதினைந்து கொட்டை. யாரிடம் முதலில் முப்பது சேருகிறதோ, அவனுக்கு மூன்று நாள் காவலிலிருந்து விடுதலை. அவன் பங்குக்கும் மற்ற இருவரும் கண் விழிப்பார்கள்.

அந்த மூன்று நாள் எனக்கு வேண்டியிருந்தது. தேவனூர் நாட்டில் தாய் வீட்டுக்குப் போயிருந்த என் மனைவிக்குத் தலைப்பிள்ளை பிறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. பெண் குழந்தை என்று ஆள் வந்து சொன்னதோடு சரி, நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. கேட்டால் விட்டிருப்பார்கள். ஆனால் காவல் நாளில் பொண்டாட்டி ஊருக்குப் போகிறேன் என்று வாய் திறந்தவனை அடுத்த அறுவடை வரைக்கும் கேலி பேசியே ஓட்டித் தீர்ப்பார்கள். முந்தின வருஷம் அண்ணனை அப்படி ஓட்டியவனே நான்தான். அதனால், ஜெயித்துத்தான் போவேன் என்று ஒரு வீம்பு.

அன்று மத்தியானம் என்னிடம் பத்தொன்பது கொட்டை இருந்தது. சீட்டைப் பிரித்தேன். மூன்றும் ராஜா. வழக்கம் என்றால் ஐந்து கொட்டையைப் படீரென்று போட்டிருப்பேன். அவர்கள் என் மூக்கைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்திருப்பார்கள். எனக்கு வேண்டியது பதினொன்று. அதனால் இந்தத் தடவை அடக்கி ஆடுவோம், அவர்களாகவே கொண்டுவந்து கொட்டட்டும் என்று தீர்மானித்தேன். துண்டை மூக்குவரை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். இரண்டு தரம் இருமினேன். ஒரே ஒரு கொட்டையை, மனசில்லாதவன்போல், நடுவில் தள்ளினேன். அவர்களும் ஒவ்வொன்று வைத்தார்கள். அடுத்த சுற்றிலும் அப்படியே. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சுற்றில் அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

"தம்பிக்கு ஒடம்பு முடியல போலிருக்குது. மூஞ்சியே செத்துக் கெடக்குது. இந்த ஆட்டத்த அவனே எடுத்துக்கட்டும், உடுறா" என்றார் மச்சினனிடம். அவனும் கவிழ்த்தான்.

எனக்குக் கிடைத்தது அவர்களுடைய நான்கு கொட்டை. ஆக, இருபத்து மூன்று. அண்ணன் கவிழ்த்ததைப் புரட்டிப் பார்த்தேன். டைமனில் ஏழு, எட்டு, ஒன்பது. மூன்றும் ஒரே சீட்டாக வந்தால்தான் அதை அடிக்க முடியும். அதை வைத்துக்கொண்டு தன்னிடமிருந்த அத்தனை கொட்டையையும் அவர் கொட்டியிருப்பார். என்மேல் இரக்கப்பட்டுக் கெடுத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று ராஜாவையும் பரணில் ஓங்கி அறைந்தேன்.

"யாருக்குண்ணா ஒடம்பு முடியல? நான் எம்புள்ளயப் பாக்கப் போகோணும்! பதினாறு நாளாச்சு!"

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்தான். அவன் தோள் குலுங்கியது. அண்ணன் சிரிக்கவில்லை.

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன சாமி? மொதல்ல கெளம்பு. கொல்லைய நாங்க பாத்துக்கறோம்."

மறுநாள் காலையில் கிளம்பி, வழியெல்லாம் நனைந்தபடி உச்சிவேளைக்குள் தேவனூர் நாடு போய்ச் சேர்ந்தேன். மாமனார் கேட்டால் விதைச் சாமை கேட்க வந்ததாகச் சொல்வது என்று ஒரு சாக்கைக் கைவசம் வைத்திருந்தேன். வாசலிலேயே கேட்டார்: "ஏனுங்க மாப்ள, காவல உட்டுப்போட்டு இவ்வளவு தூரம்?"

விதைச் சாமை தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

"எம் பொண்ணப் பாக்க வந்தேனுங்க மாமா. அவங்கம்மாவையுந்தான்."

மாமனார் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே வழிவிட்டார். உள்ளே மனைவி குழந்தையை என் கையில் வைத்தாள். அவ்வளவு சந்தோஷம் அதற்குமுன் நான் அறிந்ததில்லை. ஈரக் கை பட்டதும் குழந்தை முகம் சுளித்தது. அழ வாயெடுக்கும் முன்னால் அதன் மூக்கு இரண்டு பக்கமும் விடைத்தது.

"உங்க மூக்கேதானுங்க" என்றாள். "இவளாலயும் ஒண்ணயும் மறச்சு வெக்க முடியாது."