சுவருக்குள் போன வாசல் நிலை

இரண்டு மாதமாக நவரட்ணம் அடித்தால் ஃபோனைத் தூக்காத கொன்ராக்டர் வாகீசன், வெள்ளிக்கிழமை பின்னேரம் தானாக ஃபோன் அடித்தான்.

"அண்ணை, ஞாயிறு காலமை ஸ்காபரோவிலை ஒரு வீட்டுக்கு வாசல் நிலை வைக்கிறம். இளம் சோடி. நீங்களும் அக்காவும் வந்து நாலு வார்த்தை சொன்னியள் எண்டால் எனக்கொரு மதிப்பு. திங்கக்கிழமை உங்கடை ஃபேர்னஸ் பூட்டுற ஆக்களை அனுப்பிவிடுறன்."

இரண்டு விஷயத்தையும் ஒரே மூச்சில் சொன்னான். நவரட்ணத்துக்கு அறுபத்து மூன்று வயது. ஒன்றுக்கு மற்றது கூலி என்று விளங்காத அளவுக்கு அவர் பேயனில்லை. "ஓம் தம்பி, வாறம்" என்றார்.

மில்லிக்கனில் இருந்த பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கி இரண்டு வருடம். எட்டு மாதத்தில் முடியும் என்றுதான் வாகீசன் சொன்னான். கூரை ஏறிவிட்டது, யன்னல் பூட்டியாகிவிட்டது. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் மட்டும் இல்லை. சூடில்லாமல் பெயின்ற் அடிக்க முடியாது, தரை போட முடியாது, குடிபோக முடியாது. மனைவி பாலேஸ்வரியோடு இன்னொருவர் வீட்டின் பேஸ்மென்ரில் அவருக்கு மூன்றாவது பனிக்காலம் வரப்போகிறது. மிசிசாகா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை முடிந்து வரும் வழியில், தினமும் அந்த வீட்டின் முன்னால் காரை நிறுத்தி ஐந்து நிமிடம் பார்ப்பார். முதலில் ஆசையில் பார்த்தார். இப்போது பழக்கத்தில் பார்க்கிறார்.

எழுத்து ஒன்றும் கிடையாது. கேட்க நினைக்காமல் இல்லை. "தம்பி, ஒரு அக்ரிமென்ற் எழுதுவமோ" என்று காருக்குள் மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனார். "என்ரை அப்பாவும் நீங்களும் ஒரே பள்ளிக்கூடம் அண்ணை" என்று வாகீசன் கோப்பியை நீட்டியதும் கேட்காமலே அதை வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டார். ஊரவனிடம் கடுதாசி கேட்பது அவன் முகத்துக்கு நேரே கள்ளன் என்று சொல்வது போல. ஃபிரிஜ் வாங்கும்போது ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்ட மனிதர், வீடு கட்ட ஓரிடத்திலும் போடவில்லை.

கடுதாசிக்குப் பதிலாக வாசல் நிலை வைத்தார். இந்த நாட்டில் கதவு, நிலையோடு சேர்ந்து ஃபக்டரியில் இருந்து வருகிறது. ஆனாலும் நல்ல நாள் பார்த்து ஐயரைக் கூப்பிட்டு, வாகீசன் தன் வாகனத்தில் கொண்டுவந்த மர நிலைக்கு மஞ்சளும் சந்தனமும் பூசி, மாவிலை கட்டி நிமிர்த்தினார்கள். எல்லோரும் சாப்பிடப் போன நேரம் நவரட்ணம் தச்சுப் பென்சிலை எடுத்து நிலையின் பின்பக்கத்தில் எழுதினார்: நவரட்ணம், பாலேஸ்வரி. பிறகு இரும்புக் கதவு வந்தபோது, மர நிலை எங்கே என்று கேட்டார். "சுவருக்குள்ளை இருக்கண்ணை" என்றான் வாகீசன். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அந்தச் சுவரைத் தட்டிக் காட்டினார்.

ஞாயிறு காலை சரியான குளிர். காணியில் மரச் சட்டங்கள் நின்றன. வீட்டுக்கார இளைஞன் அபிஷன் இங்கே பிறந்தவன்; கையில் நீளமாக ஒரு கேள்விப் பட்டியல். அவன் மனைவி துர்க்கா சேலைக்கு மேல் தடித்த ஜக்கெற் போட்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், ஒருக்கா உந்தப் பக்கம் பிடியுங்கோ" என்றான் அபிஷன்.

வாகீசன் கொண்டுவந்திருந்த மர நிலையை நவரட்ணம் பிடித்துச் சற்றுச் சரித்தார். பின்பக்கத்தில் பென்சில் எழுத்து. அவருடைய 'ட்' எப்போதும் வலப்பக்கம் சரியும். பாலேஸ்வரியின் பெயர் பாதி அழிந்திருந்தது. சுவருக்குள் இருப்பதாகச் சொன்ன அவருடைய நிலையேதான். அவருக்கு வந்தது அவமானம்தான், வேறொன்றுமில்லை. எத்தனை பேருக்கு அந்தச் சுவரைத் தட்டிக் காட்டினார்!

"அங்கிள், உங்கடை வீடு சொன்ன ரைமுக்கு முடிஞ்சதோ? இவரை நம்பலாமோ?" என்று கேட்டான் அபிஷன்.

வாகீசன் தேங்காயைக் கழுவிக்கொண்டு நின்றான். திரும்பவில்லை. அவனுடைய காது மட்டும் இங்கே இருந்தது.

நவரட்ணத்துக்குச் சண்முகநாதன் ஞாபகத்துக்கு வந்தார். இவர் நிலை வைத்த அன்று வாகீசன் கூட்டிவந்த பெரியவர். இதே கேள்வியை இவர் கேட்க, "நல்ல பெடியன், நம்பலாம்" என்று தன் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னார், சாப்பிடாமலே போய்விட்டார். அந்த மனுசனின் வீட்டில் அன்றைக்கு எது பூட்டாமல் இருந்ததோ.

"தம்பி, நாங்கள் இன்னும் பேஸ்மென்ரிலைதான் இருக்கிறம்" என்றார் நவரட்ணம். "எல்லாத்தையும் எழுத்திலை வாங்கும். இந்த நிலையிலை என்ரை பெயர் கிடக்கு, பாரும்."

பாலேஸ்வரி அவர் முழங்கையைக் கிள்ளினாள். பிந்திவிட்டது.

வாகீசன் கோபப்படவில்லை, களைத்துப்போனவன் மாதிரிப் பார்த்தான். "இரும்புக் கதவுக்கு மர நிலையை எங்கையண்ணை பூட்டுறது? வைக்கத்தான் வேணுமெண்டு எல்லாரும் நிக்கிறியள். நான் என்ன செய்ய?"

"அப்ப ஏன் சுவருக்குள்ளை எண்டனீர்?"

"நீங்கள் கேட்டனீங்கள், சொன்னன்."

"நேரம் போகுது" என்றார் ஐயர். துர்க்கா கணவனைப் பார்த்தாள். நல்ல நேரத்தை யார் விடுவார்கள்? எல்லோருமாக, நவரட்ணமும் ஒரு கை கொடுத்து, நிலையை நிமிர்த்தினார்கள்.

காரில் பாலேஸ்வரி ஸ்ரீல்ஸ் வீதி வரும்வரை பேசவில்லை. பிறகு, "ஒரு நாள் பொறுத்திருக்கலாம். நாளைக்குப் பூட்டினாப்பிறகு சொல்லியிருக்கலாம்" என்றாள். அது உண்மைதான் என்று அவருக்கும் பட்டது.

ஆனாலும் ஃபேர்னஸ் ஆட்கள் வந்தாலும் வருவார்கள் என்று திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் புது வீட்டில் போய் இருந்தார்கள். கவிழ்த்த பெயின்ற் வாளிகள்தான் கதிரை. ஃபிளாஸ்க் தேத்தண்ணி பத்து மணிக்கே முடிந்தது. பன்னிரண்டானது, இரண்டானது. வாகீசனின் ஃபோன் அடித்து அடித்து நின்றது. வாய் திறந்தால் புகை வந்தது.

நாலு மணிக்கு நவரட்ணத்தின் ஃபோன் அடித்தது. அபிஷன்.

"அங்கிள், தாங்க்ஸ். நேற்றே அக்ரிமென்ற் ஒண்டு அடிச்சுக் குடுத்தன். பிந்தினால் கட்டவேண்டிய காசு, எல்லாம் போட்டு. வாகீசன் அண்ணை சைன் பண்ணிப்போட்டார்."

"மறுக்கேல்லையோ?"

"இல்லை அங்கிள். கேட்டவுடனை போட்டவர். பேனைகூட அவரின்ரைதான்."

நவரட்ணம் ஃபோனை மடியில் வைத்தார்.

"என்னவாம்?" என்றாள் பாலேஸ்வரி, கைகளை ஜக்கெற்றுக்குள் விட்டபடி.

"கேட்டிருந்தால் எங்களுக்கும் சைன் போட்டிருப்பானாம்" என்றார்.