எஞ்சின் ஓடாமல் அடிவாரம் வரை

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் தன் வீட்டு விஷயத்தை, அதுவும் கணவரோடு மோட்டார் சைக்கிளில் போன கதையை, ஊரறிய எழுதுவது சரியில்லை என்றுதான் இன்னமும் தோன்றுகிறது. பேச வராததால் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்காடு கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. கணவர், நான், மாமியார், கொழுந்தன் குடும்பம் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். அந்த வீட்டில் கணவன் மனைவி தனியாகப் பேசிக்கொள்ள இடம் கிடையாது. "பருப்பு தீந்துபோச்சுங்க", "மூட்டை பிரிக்கணும், கத்திய எடு" என்ற அளவில்தான் எங்கள் பேச்சு. கல்யாணமான புதிதில் எஸ்டேட்டுகளுக்குச் சாமான் கொண்டுபோக அவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். சாமான் இல்லாத சாயங்காலங்களில் எப்போதாவது என்னையும் கூட்டிப் போவார். வண்டிச் சத்தத்தில் ஒரு வார்த்தை காதில் விழாது. ஆனாலும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்த இடம் அந்த வண்டி ஒன்றுதான்.

அதிலும் ஒரு நாள் மண் விழுந்தது. கொட்டச்சேடு எஸ்டேட் பக்கமிருந்து திரும்பும்போது, நனைந்த சில்வர் ஓக் இலைகள் கிடந்த ஒரு வளைவில் வண்டி சறுக்கி விழுந்தோம். அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. எனக்கு வலது கை எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கை கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டது. "இலை சறுக்கிடுச்சு" என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். விழுந்த அன்றைக்கே வண்டியைப் பின்கட்டுக் கொட்டகையில் தள்ளி, அதன் மேல் காப்பிச் சாக்குகளை அடுக்கினார். எஸ்டேட் சாமான் போடும் வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு ஆறேழு வருஷம் எங்கே போனாலும் பஸ்தான். பஸ்ஸில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். சேலம் போய்ச் சேரும்வரை நான் ஜன்னலோரம் இருப்பேன், அவர் பின்னால் எங்கேயோ நிற்பார். இறங்கும்போது தலையை எண்ணுவதுபோல் என்னைத் தேடுவார்.

எண்பதுகளின் கடைசியில், வெள்ளக்கடை பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் பழைய வண்டி தேடுகிறார் என்று செய்தி வந்தது. எங்கள் வண்டி கிளம்பினால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். கொட்டகையில் மிளகு மூட்டை அடுக்க இடம் வேண்டும் என்று கொழுந்தனும் நச்சரித்துக்கொண்டிருந்தார். "சரி, ஓட்டறவரு கையில போய்ச் சேரட்டும்" என்று கணவர் மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்.

கிளம்பினால் ரைட்டருக்கு. கிளம்பாவிட்டால் பழைய இரும்புக்கு. எப்படியும் அந்தப் பின் சீட்டு எனக்கு இல்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மெக்கானிக் எங்கள் தெருக்காரர், ஒல்லியான மனிதர். பெட்ரோல் டேங்கைக் கழுவினார். கார்பரேட்டரைப் பிரித்து மாட்டினார். புது பிளக் போட்டார். பிரேக்கை இழுத்துக் கட்டினார். பிறகு இரண்டு பேரும் மாறி மாறி உதைத்தார்கள். வண்டி இருமக்கூட இல்லை. கடைசியில் மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மலையில் எல்லோரும் சொல்வதையே சொன்னார்.

"சரிவுல உருட்டுங்க பாய். தானா புடிச்சுக்கும்."

மறுநாள் காலை, மலைப்பாதை இறங்கத் தொடங்கும் இடம் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். மாமியாரும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டார். மெக்கானிக் பின்னால் உட்கார, ஒருமுறை உருட்டிப் பார்த்தார்கள். கிளட்சை விட்டதும் பின் சக்கரம் சுற்றாமல் தரையில் தேய்த்துக்கொண்டு போனது.

"எடை பத்தல பாய். டயரு தரையப் புடிக்கணும். நானு வெறும் எலும்பு" என்ற மெக்கானிக், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று வானத்தைப் பார்த்தார்.

மாமியாருக்குப் புரிந்துவிட்டது. "ஏண்டா, அவளுக்குக் கை ஒடிஞ்சது பத்தாதா? இப்ப கழுத்தும் ஒடியோணுமா?"

"ஒரே ஒரு வளைவு வரைக்கும்தானுங்க அம்மா" என்றார் மெக்கானிக்.

கணவர் என்னைப் பார்க்கவில்லை. ஹேண்டில்பாரைப் பார்த்தபடி, "பயமா இருந்தா வேண்டாம் புள்ள" என்றார். நான் பிளாஸ்கை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, பிஸ்மி சொல்லி ஏறி உட்கார்ந்தேன்.

முதல் வளைவில் கிளட்சை விட்டார். வண்டி முதுகைக் குலுக்கிக்கொண்டு 'டுப் டுப்' என்றது. அவ்வளவுதான். "இன்னும் ஒண்ணு பாக்கலாம்" என்றார். அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. சரிவு சும்மா கிடைக்கிறதே என்ற நினைப்பில் மலைக்காரர்கள் செய்யும் தப்பை நாங்களும் செய்துகொண்டிருந்தோம். நின்று திரும்பிப் பார்த்தபோது, அந்த இரும்பு எருமையை மேலே தள்ளிக்கொண்டு போவது ஆகாத காரியம் என்று தெரிந்துவிட்டது. இனி கீழேதான்.

எஞ்சின் ஓடாத வண்டியில் போனவர்களுக்குத் தெரியும். காற்றும் டயர் உருளும் சத்தமும்தான். பறவைகள் கத்துவது கேட்டது. கட்டைச் சுவரில் ஒரு குரங்கு தன் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே மேலேறி வந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டினார்.

"என்னங்க பாய், பெட்ரோல குடும்பத்தோட மிச்சம் புடிக்கறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்குத் தலைப்பை முகம் வரை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. பஸ் போன பிறகு கணவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்புள்ள, கை வலிக்குதா?"

"இல்லீங்க. கெட்டியாத்தான் புடிச்சிருக்கறேன்."

"இப்ப இல்ல. எப்பவும்."

இத்தனை வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி. "மழ வந்தா கொஞ்சம் குடையுங்க" என்றேன்.

"நானு கேக்கவே இல்ல பாரு."

"ஊட்டுல அத்தன பேரு முன்னால எப்படிக் கேப்பீங்க."

அவர் பிரேக்கைப் பிடித்து ஒரு வளைவைத் தாண்டினார். பிறகு, "அன்னிக்கு எல சறுக்கல" என்றார். "எல இருந்துச்சு. ஆனா அதனால விழல. நீ பின்னால இருந்து என்னமோ சொன்ன. சத்தத்துல கேக்கல. என்னன்னு திரும்பிப் பாத்தேன். அதுக்குள்ள போயிருச்சு."

அவருடைய சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. இறங்குகிற வண்டியில், குளிர்ந்த காற்றில், வேர்வை.

"இத்தன வருசமா யோசிக்கறேன். என்னதான் சொன்ன நீ?"

அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

"கால் மரத்துப்போச்சுன்னு சொன்னனுங்க."

"என்னது?"

"ஒரே பக்கமா உக்காந்துட்டே வந்தனுங்களா, கால் மரத்துப்போச்சு. அதத்தான் சொன்னேன்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார். "கால் மரத்ததுக்கா! நானு என்னமோ பெரிய விசயம்னு..." என்று வண்டியே ஆடும்படி சிரித்தார். மலைப்பாதையில் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியபோது வளைவுப் பலகைகளில் எண்கள் குறைந்துகொண்டே வந்திருந்தன. அடிவாரத்து வீடுகளின் ஓடுகள் மரங்களுக்கு நடுவே தெரிந்தன. இனி சரிவு அதிகம் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"ஏனுங்க, கிளம்பிட்டா ரைட்டரு எடுத்துட்டுப் போயிருவாருங்களா?"

"அப்படித்தான் பேச்சு."

"அப்பறம் நமக்கு எதுக்குங்க இந்தப் பாடு? கிளம்பாம இப்படியே போனாக்கூட நல்லாத்தான் இருக்குது."

அவர் கடைசி வளைவுக்கு முன்னால் கிளட்சை விட்டார். வண்டி ஒருமுறை குலுங்கியது. சைலன்சருக்குள் வெடி வைத்ததுபோல் ஒரு சத்தம். கறுப்பாக ஏதோ உருண்டை பின்னால் தெறித்து விழுந்தது. உடனே எஞ்சின் உறுமத் தொடங்கியது. அது எலி வேலை என்று பிறகு தெரிந்தது. சாக்கிலிருந்து காப்பிக்கொட்டைகளை இழுத்துக்கொண்டுபோய் சைலன்சருக்குள் அடைத்து, சணல் நாரை வைத்துக் கூடு கட்டியிருந்திருக்கிறது. வளைவுக்கு வளைவு கிளட்சை விட்டதில் அந்த அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து வந்திருக்கிறது. மெக்கானிக் உட்பட ஒருவரும் அந்த ஓட்டைக்குள் பார்க்கவில்லை.

அடிவாரத்தில் அவர் வண்டியை அணைக்கவே இல்லை. அணைத்தால் மறுபடி எந்தச் சரிவுக்குப் போவது? அப்படியே திருப்பி மேலே ஏறினார். மிச்சமிருந்த காப்பிக்கொட்டை உள்ளே வறுபட்டு, வழியெல்லாம் காப்பி வாசம். பாதி மலையில் அவர் என்னமோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. என்ன என்று நான் கேட்கவும் இல்லை. கேட்டால் திரும்பிவிடுவார். முதுகில் கையை வைத்து லேசாகத் தட்டினேன், சரி என்கிற மாதிரி.

மேலே மாமியார் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, கண்ணை மூடி என்னமோ ஓதிக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஓடி வந்தார். "ஒரு வளைவுன்னு சொன்னா சேலத்துக்கே போயிட்டு வரீங்களா பாய்? இந்தம்மா என்னய உசுரோட தின்னுட்டாங்க!"

கணவர் காலை ஊன்றி நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. "ரைட்டருகிட்ட வேற வண்டி பாத்துக்கச் சொல்லீரு" என்று கத்தினார்.

"ஏனுங்க பாய், அதான் நல்லா ஓடுதே?"

"அதனாலதான்."

மாமியார் ஓதுவதை நிறுத்திவிட்டு என் கையைத் தோளிலிருந்து விரல் வரை தடவிப் பார்த்தார். முழுசாக இருக்கிறது என்று தெரிந்ததும், "ஆடுன ஆட்டம் போதும், ஊட்டுக்கு நட" என்றார். நான் இறங்கவில்லை. அந்த வயதில் மாமியார் சொல்லை நான் தட்டியது அந்த ஒரு தடவைதான். வீடு வரை வண்டியிலேயே போனேன்.

மறுநாள் அவர் பஸ்ஸில் சேலம் போய்ப் பின் டயரும் செயினும் வாங்கி வந்தார். குலுங்கி வந்ததில் எனக்கு இடுப்பு வலி. சோறு வடித்து ரசம் மட்டும் வைத்தேன்.